தோல் ஆசனம் உடலுக்கு இணங்குவது எப்படி?

1866-ல் பர்மிங்ஹாம் நகரில் சேணம் முதலிய தோற்பொருள்கள் செய்யத் தொடங்கிய ஜான் போல்ட்பீ புரூக்ஸ், 1882-ல் காப்புரிமை பெற்ற சைக்கிள் ஆசனத்தின் வம்சத்தில் வந்தவை இன்றும் புதிதில் பலகை போலவே இருக்கின்றன. உள்ளே பஞ்சோ ரப்பரோ கிடையாது. முன்னும் பின்னும் உலோகச் சட்டத்தில் ஆணியறைந்து, தூளியைப் போல இழுத்துக் கட்டிய தடித்த மாட்டுத் தோல் ஒன்றே உண்டு.

தாவரச் சாற்றில் பதனிட்ட அத்தோலில் கொலாஜன் என்னும் புரத இழைகள் பின்னிக் கிடக்கின்றன. உடலின் உஷ்ணமும் வியர்வையின் ஈரமும் அவற்றின் பிணைப்பைச் சற்றே தளர்த்த, ஏறியிருப்பவரின் பாரம் நாள்தோறும் இழைகளை மெல்ல நகர்த்தி, இடுப்பெலும்பின் இரு முனைகளும் பதியுமிடத்தில், கண்ணுக்கே தெரியக்கூடிய இரண்டு குழிகளை உண்டாக்குகிறது. அக்குழிகள் அவருக்கே உரியவை. இன்னொருவருக்குப் பொருந்துவது அபூர்வம்.

இதை விரைவுபடுத்த எண்ணி எண்ணெயில் ஊறவைப்பது பெரும் பிழை. இழைகள் அளவுக்குமீறி வழுக்கித் தோல் தொய்ந்துவிடும். கொழுப்பும் மெழுகும் கலந்த பசையை, முரட்டுத்தன்மை வாய்ந்த அடிப்பக்கத்திலும் மறவாமல், மெல்லியதாகப் பூசினாற் போதும். மழையில் நனைந்தால் நிழலில் உலர்த்தவேண்டும். ஈரத்தோடு ஏறினால் உருக்கெடும். நாளடைவில் தளர்ந்தால், ஆசனத்தின் முன்முனையான மூக்கின் கீழுள்ள திருகாணியைக் கால் சுற்று முறுக்கிப் பார்க்கலாம்.