ஆடிப் பூரத்து வானம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேரோடும் ஆடிப் பூர நாளில் நிலா எப்படி இருக்கும்? அன்று பௌர்ணமியாக இருக்கவே முடியாது. எந்த வருடத்தை எடுத்துக்கொண்டாலும் வளர்பிறையின் மெல்லிய கீற்றுதான். 2024இல் ஆடி அமாவாசை ஆகஸ்ட் 4, ஆடிப் பூரம் ஆகஸ்ட் 7. 2025இல் அமாவாசை ஜூலை 24, பூரம் ஜூலை 28. அமாவாசைக்குச் சதுரகிரி மலையேறி இறங்கியவர்களுக்குக் கால்வலி தீருமுன்பே தேருக்கு வடம் பிடிக்கும் நாள் வந்துவிடுகிறது.

இது ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொண்டால் ராசி, நட்சத்திரம் என்றால் என்ன என்பதில் பாதி புரிந்துவிடும். ராஜபாளையத்தில் வளர்ந்த எனக்கு, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நடக்கும் அந்தத் திருவிழாவின் பெயர்தான் முதல் ஜோதிடப் பாடம்.

சூரியன், சந்திரன், கிரகங்கள் எல்லாம் வானத்தில் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் போகின்றன. அந்தப் பாதை 360 பாகை கொண்ட ஒரு வட்டம். அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 30 பாகை. மேஷம் முதல் மீனம் வரை அவைதான் ராசிகள். அதே வட்டத்தை 27ஆகப் பிரித்தால் அசுவினி முதல் ரேவதி வரை நட்சத்திரங்கள். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். நட்சத்திரத்துக்கு நான்கு பாதம், ஆக மொத்தம் 108 பாதம். ராசிக்கு ஒன்பது பாதம். ஒரு ராசியில் இரண்டேகால் நட்சத்திரம் அடங்குவது இதனால்தான்.

இப்போது ஆடிப் பூரத்துக்கு வருவோம். தமிழ் மாதம் என்பது சூரியன் நிற்கும் ராசி. சித்திரை என்றால் சூரியன் மேஷத்தில். எண்ணிக்கொண்டே வந்தால் ஆடிக்குக் கடகம். பூரம் இருப்பது அடுத்த வீடான சிம்மத்தில். 'ஆடிப் பூரம்' என்று சொன்னவுடனே சூரியன் கடகத்தில், சந்திரன் சிம்மத்தில் என்று இரண்டையும் சொல்லிவிட்டோம். சந்திரன் சூரியனைவிட்டு அதிக தூரம் விலகவில்லை. அதனால்தான் பிறை. ஆண்டாளை வளர்த்த பெரியாழ்வாரின் திருநட்சத்திரம் ஆனி சுவாதி: சூரியன் மிதுனத்தில், சந்திரன் துலாத்தில். அன்றைக்கு நிலா பாதியைத் தாண்டிப் புடைத்திருக்கும். பஞ்சாங்கம் புரட்டாமலே சொல்லலாம்.

ஜாதகக் கட்டமும் இந்த வட்டம்தான். நம் ஊரில் அதைச் சதுரமாக வரைகிறார்கள். மேல் வரிசையில் இடமிருந்து இரண்டாவது கட்டம் மேஷம். அங்கிருந்து வலமாகச் சுற்ற வேண்டும். நாம் 'என் ராசி' என்று சொல்வது பிறந்தபோது சந்திரன் நின்ற வீடு. லக்னம் வேறு. பிறந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் எந்த ராசி உதித்துக்கொண்டிருந்ததோ அது. ராஜபாளையத்து மொட்டைமாடியில் இதை விளக்குவது சுலபம்: மேற்கே மலை மறைத்து நிற்கும், கிழக்கே கண்மாயும் வயலுமாகத் திறந்து கிடக்கும். அந்தக் கிழக்கில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ராசி மேலேறும். ஒரே ஆஸ்பத்திரியில் காலையும் மாலையும் பிறந்த இரு குழந்தைகளுக்கு ராசி ஒன்றாக இருந்தாலும் லக்னம் மாறுவது இப்படித்தான்.

ஆங்கிலப் பத்திரிகை ராசிபலன் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறைய. ஆகஸ்ட் 1 பிறந்தவரை அது சிம்மம் என்கிறது. அது சூரியனை வைத்துச் சொல்வது. தவிர, மேற்கத்திய முறையில் மேஷத்தின் தொடக்கம் வசந்த காலத்தில் பகலும் இரவும் சமமாகும் புள்ளி. நம் முறை நட்சத்திரங்களை ஒட்டியது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் அந்தப் புள்ளி ஏறத்தாழ 72 வருடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. இன்று இடைவெளி சுமார் 24 பாகை. அயனாம்சம் என்பது இதுதான். நமக்கு ஆகஸ்ட் 1 ஆடி மாதம், சூரியன் இன்னும் கடகத்தில்.

வானத்தைப் பார்த்து எழுதுவது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பழக்கம். திருப்பாவையின் 13ஆம் பாசுரத்தில் ஆண்டாள் ஒரு விடியற்காலையில் சுக்கிரனும் குருவும் இருக்கும் நிலையைப் பதிவு செய்கிறாள். ஒன்று எழும்போது மற்றொன்று அடங்குகிறது. மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி இப்படி அமைவது அபூர்வம். அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டுத் தமிழறிஞர் மு. இராகவையங்கார் 731ஆம் ஆண்டு என்றார். அதே குறிப்பைக் கொண்டு வேறு ஆண்டு சொன்னவர்களும் உண்டு. ஒரு பெண் கண்ணால் கண்டு சொன்னது ஆயிரம் வருடம் கழித்துக் கணிதச் சான்றாகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

ஆனால் கண்ணால் பார்ப்பது குறைந்துபோனதால் ஒரு சங்கடம் வந்திருக்கிறது. நம்மிடம் இரண்டு வகைப் பஞ்சாங்கம். வாக்கியம் என்பது பழைய சூத்திரங்களின் வழி. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள், வரருசியின் பெயரால் வழங்குபவை. சொற்களுக்குள் எண்களை ஒளித்து மனப்பாடமாகக் காப்பாற்றிய அந்த உழைப்பு பெரிது. திருக்கணிதம் இன்றைய வானியல் அளவுகளை எடுத்துக்கொள்வது. சனி கும்பத்துக்கு வந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் பெயர்ச்சி நடந்ததோ அதே ஆண்டு டிசம்பர் 20. ஒரே சனி, பதினோரு மாத வித்தியாசம். ராசிக்கு இரண்டரை வருடம் தங்குகிற கிரகம் அது. மூன்று வீடு சேர்ந்தால் ஏழரை.

என் அத்தை மகளுக்கு வரன் பார்த்தபோது இந்த வித்தியாசம் வீட்டுக்குள் வந்தது. அவள் பிறந்த நேரம் நட்சத்திரங்களின் எல்லையில். ஒரு பஞ்சாங்கத்தில் ஆயில்யம் கடைசிப் பாதம், கடக ராசி. மற்றொன்றில் மகம் முதல் பாதம், சிம்ம ராசி. நாழிகைக் கணக்கில்தான் வேறுபாடு. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று நல்ல இடம் ஒன்று தட்டிப்போனது. அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. "எந்தப் புஸ்தகத்துலடா என் மக பொறந்தா?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்றிலிருந்துதான் இதை ஒழுங்காகப் படித்தேன். ராசிக் கட்டம் வானத்தின் வரைபடம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதில் ஒரு கோடு இப்படியோ அப்படியோ விழுந்ததற்காக ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். கட்டம் எழுதத் தெரிந்த பெரியவர்களிடம் நான் கேட்பதெல்லாம், எல்லையில் பிறந்த குழந்தையின் ஜாதகத்தில் 'இது எல்லை' என்று ஒரு வரி எழுதிவையுங்கள் என்பதுதான்.

அடுத்த ஆடிப் பூரத்தன்று இருட்டியதும் மாடிக்குப் போய் மேற்கே பாருங்கள். ஆடியில் மலைமேல் மேகம் அடைந்துதான் கிடக்கும். காற்று கொஞ்சம் விலக்கிவிட்டால் பிறை தெரியும். கையை நீட்டி முஷ்டி பிடித்து, நிலாவுக்கு வலப்பக்கம் ஒன்றிரண்டு முஷ்டி தூரம் தள்ளித் தேடுங்கள். ஒன்றன் அருகே ஒன்றாக, சற்று மங்கலாக இரண்டு நட்சத்திரங்கள் இருக்கும். அவைதான் பூரம்.