‘நான்’ என்னும் வழக்கு

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-ஆம் ஆண்டில் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டார். 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கியபோது அதற்குத் தலைவராகவும் இருந்தார். அப்பாலவனத்தத்தினின்று அருப்புக்கோட்டை வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் திருச்சுழி வரும். வானத்தை நம்பிப் பருத்தியும் கம்பும் விதைக்கும் அதே வறண்ட பூமிதான். அவ்வூர் வக்கீல் சுந்தரமய்யருக்கு 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் பிறந்த வேங்கடராமன் என்னும் பிள்ளையையே உலகம் பின்னர் ரமண மஹரிஷி என்றழைத்தது. முன்னவர் ‘நாம்’ என்னும் சொல்லுக்கு வலிமை தேடினார்; பின்னவர் ‘நான்’ என்னும் சொல்லையே விசாரணைக்கு நிறுத்தினார்.

தேச ஊழியத்தில் ஈடுபட்ட அன்பர் சிலர், “நான் யார்” என்னும் கேள்வி குகையில் இருப்பார்க்கே உரியது; பொதுவாழ்வில் நிற்போர்க்கு அது தடையே ஒழியத் துணையாகாது என்று கூறுவதுண்டு. அக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. சாட்சியங்களைப் பார்ப்போம்.

முதலாவது, ஒரு கடிதம். மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் சிற்றப்பன் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமனை, 1896-ஆம் ஆண்டின் நடுவில் ஒருநாள் மரண பயம் திடீரெனப் பற்றியது. அப்போது அவருக்கு வயது பதினாறு. உடலைப் பிணம்போல நீட்டிக் கிடத்தி, இறப்பது எது, எஞ்சுவது எது என்று அவர் தம்முள்ளேயே பார்த்தார். சில வாரங்கள் கழித்து, ஆகஸ்டு 29-ஆம் நாள், தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்காகக் கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைக் கடிதத்துடன் வைத்துவிட்டு அருணாசலத்துக்குப் புறப்பட்டார். அக்கடிதம் ‘நான்’ என்று தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்திலேயே எழுதியவர் தம்மை ‘இது’ என்று குறிக்கிறார். கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு. கையொப்பமில்லாத தஸ்தாவேஜு கோர்ட்டில் செல்லாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். ஆயினும் இக்கடிதத்தில் கணக்கு சரியாயிருக்கிறது. கல்லூரிச் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்பதைக்கூட அவர் எழுத மறக்கவில்லை. பெயரைத் துறந்த பிள்ளை பிறர் பணத்தின் பொறுப்பைத் துறக்கவில்லை என்பதைப் பொறுப்பின்மை பேசுவோர் கவனிக்க.

இரண்டாவது சாட்சியம் திருவண்ணாமலைக் குருமூர்த்தத்தில் நடந்தது. மௌனமாயிருந்த இளந்துறவியின் பெயரும் ஊரும் அறியாமல் அவ்விடம் விட்டு நகர்வதில்லை என்று தாலுகா ஆபீஸ் கணக்கர் வேங்கடராமய்யர் பிடிவாதம் பிடித்தார். வேறு வழியின்றித் துறவி இங்கிலீஷ் எழுத்தில் ‘வேங்கடராமன், திருச்சுழி’ என்று எழுதிக் காட்டினார். ஊர்ப்பெயர் கணக்கருக்கு விளங்கவில்லை. உடனே அருகிலிருந்த பெரிய புராணத்தைப் பிரித்து, சுந்தரமூர்த்தி நாயனார் வழிபட்ட தலமாகத் திருச்சுழி வரும் இடத்தை விரலால் சுட்டினார். தமக்கென்று பெயர் வேண்டாதவர் தம் ஊரை மறைக்கவில்லை. அதற்குச் சாட்சியாக அழைத்ததும் ஒரு தமிழ் நூலையே. ஆத்ம விசாரம் தமிழுணர்வைக் கரைத்துவிடும் என்று அஞ்சுவோருக்கு இதனினும் தெளிவான மறுப்பு நமக்குத் தெரியவில்லை. பின்னாளில் அவர் தம் அனுபவத்தை ‘உள்ளது நாற்பது’ என்று வெண்பாவிலேயே பாடிவைத்தார்.

மூன்றாவது சாட்சியம் வக்கீல்களுக்குச் சுவையானது. முறைப்படி சந்நியாசம் வாங்கியவனை ஹிந்து தர்மசாஸ்திரம் உலக வியவகாரத்தில் இறந்தவனாகவே கொள்ளும்; குடும்பச் சொத்துடன் அவனுக்குள்ள பந்தம் அறும். ரமணரோ எவரிடமும் தீக்ஷை பெற்றவரல்லர். ஆகவே ஆசிரம நிர்வாகம் பற்றி 1930-களில் வழக்கு எழுந்தபோது, நான்கு ஆசிரமங்களுள் தாங்கள் எதைச் சேர்ந்தவர் என்ற கேள்வி அவர் முன் வைக்கப்பட்டது. ‘அதியாசிரமம்’ என்றார், நான்கையும் கடந்த நிலை என்பது பொருள். சட்டம் வைத்திருந்த நான்கு பெட்டிகளிலும் அவர் அடங்கவில்லை. 1938-இல் உயில் எழுதியபோதும் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கோடுதான் கிழித்தார். மதுரையில் கிழித்த அதே கோடு!

மகானின் சரித்திரம் நமக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அந்தத் தென்பாண்டிச் சீமையிலேயே, ஏறக்குறைய அதே காலத்தில், வேறொரு கை வேறொரு தஸ்தாவேஜில் ‘நீ யார்’ என்பதற்கு விடை எழுதிக்கொண்டிருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வட இந்தியாவில் பிறந்து, 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் சென்னை மாகாணத்திலும் புகுந்தது. ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றனர். பதிவேட்டில் ஏற்றப்பட்டவன் பத்து விரல் ரேகையையும் கொடுக்கவேண்டும்; இன்ன ஜாதியிற் பிறந்தான் என்பதே போதிய குற்றம்; இரவில் சொந்த வீட்டில் உறங்கவும் சுதந்திரமில்லை. ரேகை கொடுக்க மறுத்துத் திரண்ட பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் போலீஸார் சுட்டார்கள். மாண்டவர்களுள் ஒரு பெண்ணும் உண்டு. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் முதலானோர் ஊர் ஊராகக் கிளர்ச்சி செய்தபின், 1947-இல் அச்சட்டம் நம் மாகாணத்தில் ஒழிந்தது.

‘நீ பிறவியால் இன்னான்’ என்று சர்க்கார் சொன்னபோது நம்மவர் மார்பு காட்டி மறுத்தனர். அதே வார்த்தையை ஜாதி சொன்னபோது எத்தனை பேர் மறுத்தனர்? பதிவேடு ஒழிந்த பத்தாவது ஆண்டில், 1957-இல், முதுகுளத்தூர்ப் பக்கத்தில் ஜாதியின் பெயரால் ஓடிய இரத்தத்தை அந்தப் பூமி இன்னும் மறக்கவில்லை. போலீஸ்காரன் எழுதினால் அவமானமாகிற பிறவி அடையாளம், நம் ஜாதிக்காரன் எழுதினால் கௌரவமாகிவிடுகிறது. ‘நான் யார்’ என்னும் கேள்வி பொதுவாழ்வுக்குள் நுழையவேண்டிய வாயில் இதுதான்.

அக்கேள்வி எளிதென்று நாம் சொல்லவில்லை. ரமணாசிரமத்திலேயே நெடுங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டி வைத்து, ஆசாரம் பார்க்கும் பிராமணர் ஒருபுறமும் ஏனையோர் மறுபுறமும் உண்டனர். மஹரிஷி இருபுறத்தாரும் காணும்படி நடுவில் அமர்ந்தார். பிறர்மேல் விதி சுமத்துவது அவர் இயல்பன்று என்பர் பக்தர்; அத்தட்டியை அவரே எடுத்தெறிந்திருக்கலாகாதா என்னும் குறை நமக்கு உண்டு. ஆயினும் பெருங்குறை அவரைச் சூழ்ந்திருந்தோருடையது. தேகம் நானல்ல என்று காலையில் கேட்டவர், தேகத்தின் ஜாதியை நண்பகல் இலைமுன் உட்காரும்போது தேடி எடுத்துக்கொண்டார்.

தென்மாவட்டப் பள்ளிக்கூடங்களில் இன்று சிறுவர்கள் ஜாதிக்கொரு நிறமாகக் கையில் கயிறு கட்டி வருகிறார்கள். நாங்குநேரியில் 2023-இல் மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே வெட்டப்பட்ட பிறகு, அரசாங்கம் நீதிபதி சந்துரு அவர்களிடம் அறிக்கை கேட்டது. அக்கயிறுகளைத் தடைசெய்யவேண்டும் என்று 2024-இல் அவர் பரிந்துரைத்தார். தடை நல்லதே. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டில் அந்தக் கயிற்றை முதலில் முடிபவன் பெரும்பாலும் இன்னொரு பிள்ளையல்லன். வீட்டுப் பெரியவர்களும், ஜாதிச் சங்கத்தாரும், ஓட்டுக் கணக்குப் பார்க்கும் கட்சி ஊழியர்களுமே அவனுக்கு நிறம் தேர்ந்து கொடுக்கிறார்கள். அவ்வூழியர்களுள் இப்பத்திரிகையை வாசிப்போரும் சிலர் உளர் என்பது நாம் அறியாததன்று.