மதிலுக்குள் காத்த தண்ணீர்

குஜராத்தின் கட்ச் ரண் உப்புவெளிக்கு நடுவே காதிர் என்றொரு தீவு. சுற்றிலும் உப்பு பூத்த நிலம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது, மழையும் குறைவு. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே போய் ஊர் அமைத்து, தோலாவிராவைப் பெருநகராக வளர்த்தார்கள் ஹரப்பா மக்கள்.

1960களின் இறுதியில் ஜே.பி. ஜோஷி அடையாளம் கண்ட இந்த இடத்தை, 1990 தொடங்கி ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தது. வெளியே பெருமதில், உள்ளே கோட்டை, நடுநகர், கீழ்நகர். மொகஞ்சதாரோவில் சுட்ட செங்கல் என்றால், இங்கே கல்.

கோட்டை மேட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் இந்த ஊரின் உயிரைப் பார்க்காமலே போகிறார்கள். அது பள்ளத்தில் இருக்கிறது. நகரின் வடக்கே மன்சர், தெற்கே மன்ஹர் என இரண்டு ஓடைகள். மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் வரும். குறுக்கே தடுப்பணை கட்டி, அந்த வெள்ளத்தை மதிலுக்குள் வெட்டிய குளங்களுக்குத் திருப்பினார்கள். நிலத்தின் சரிவைக் கணக்கிட்டு ஒன்றையடுத்து ஒன்றாக அமைத்த குளங்கள் அவை. கோட்டைக்குக் கிழக்கே உள்ளது சுமார் 73 மீட்டர் நீளம், 29 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம். இறங்கிப் போகக் கல் படிகள். தெற்கே இருப்பவற்றில் பாறையையே குடைந்திருக்கிறார்கள். கோட்டையின் மேல் விழும் மழைக்கும் தனி வழி: தரைக்கடியில் கல்லால் கட்டிய, ஆள் புகுந்து போகுமளவு பெரிய வடிகால்கள். இத்தனையும் இரும்புக் கருவி இல்லாத காலத்தில்! மதில் யாருக்குப் பயந்து எழுந்ததோ, அது காத்த பொருள்களில் தண்ணீருக்கு நிகரானது வேறில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கோட்டையின் வடக்கு வாசலருகே கிடைத்தது புகழ்பெற்ற பெயர்ப்பலகை. மரப்பலகையில் ஜிப்சத் துண்டுகளைப் பதித்துச் செய்த 10 பெரிய எழுத்துகள்; மரம் மக்கிவிட, எழுத்துகள் மட்டும் விழுந்த வரிசையிலேயே மண்ணில் இருந்தன. இன்றுவரை யாராலும் ஐயமின்றி வாசிக்க முடியவில்லை.

பிறகு நகரம் நலிந்தது. பருவமழை குன்றியது முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இடையில் ஊரே காலியாகி, மீண்டும் வந்து குடியேறியவர்கள் பழைய வீதிகளைப் பொருட்படுத்தாமல் வட்டக் குடிசைகள் போட்டுக்கொண்டார்கள். கி.மு. 1500 வாக்கில் அவர்களும் போய்விட்டார்கள்.

2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபின் பயணிகள் தேடி வரும் இடமாகிவிட்டது தோலாவிரா. போகிறவர்கள் முதலில் கிழக்குக் குளத்தைப் பாருங்கள். பிறகு கோட்டைக்கு ஏறலாம்.