சுருக்கி வைப்பதா, அப்படியே வைப்பதா?

கணிப்பொறியிலுள்ள கோப்புகளுக்கு மறுபிரதி எடுத்து வைப்பது நல்ல பழக்கம். வட்டு ஒருநாள் பழுதாகலாம். கைதவறி ஒரு கோப்பு அழிந்துபோகலாம். அப்போது கைகொடுப்பது மறுபிரதிதான். அந்தப் பிரதியைச் சுருக்கி வைப்பதா, உள்ளது உள்ளபடியே வைப்பதா? இதற்கு விடை காண, சுருக்குதல் எப்படி நடைபெறுகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

கட்டம் போட்ட தாளில் ஒரு வரிசையில் 16 கட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் 9 கட்டங்கள் வெள்ளை. அடுத்த 2 கறுப்பு. மீதி 5 வெள்ளை. ஒவ்வொரு கட்டத்திற்கும் அதன் நிறத்தை 16 முறை எழுதலாம். அல்லது '9 வெள்ளை, 2 கறுப்பு, 5 வெள்ளை' என்று எழுதி முடித்துவிடலாம். செய்தி சிறிதும் குறையவில்லை; இடம்தான் மிச்சமாயிற்று. ஆம், திரும்பத் திரும்ப வருவதை நீக்குவதே சுருக்குதல்!

அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தில் மாணவராக இருந்த டேவிட் ஹஃப்மன் 1952-இல் ஒரு முறையை வெளியிட்டார். அடிக்கடி வரும் எழுத்துக்குச் சிறிய குறியீடு. அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடு. 1977-இல் ஜிவ், லெம்பல் என்ற இருவர் இன்னொரு வழி கண்டனர். முன்பு வந்த தொடர் மீண்டும் வந்தால் அதை எழுதுவதில்லை. 'இவ்வளவு தூரம் பின்னால் போய், இத்தனை எழுத்துகளை எடுத்துக்கொள்' என்று மட்டும் குறிக்கிறார்கள். ஜிப் கோப்புகளில் பெரும்பாலும் இவ்விரு முறைகளும் சேர்ந்தே இயங்குகின்றன.

தமிழ்க் கோப்புகள் நன்றாகச் சுருங்கும். யூ.டி.எஃப்-8 முறையில் 'அம்மா' என்ற சொல் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறிகளாகப் பதிவாகிறது. ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 15 பைட். எந்தத் தமிழ்க் குறியானாலும் முதல் பைட் 224. இரண்டாவது 174 அல்லது 175. எவ்வளவு மறுபதிவு, பார்த்தீர்களா? ஆனால், ஜேபெக் புகைப்படங்களும் எம்பி3 பாடல்களும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. பிழிந்த துணியை மீண்டும் பிழிந்தால் என்ன கிடைக்கும்?

சரி, எல்லாவற்றையும் சுருக்கிவிட்டால் என்ன? இங்கேதான் சிக்கல். நம் கட்ட வரிசையில் '9' என்பது கெட்டு '4' ஆகிவிட்டதாகக் கொள்வோம். அதற்குப் பின் வரும் கட்டங்களெல்லாம் இடம் பெயர்ந்துவிடும்! சுருக்காத வரிசையில் ஒரு பதிவு கெட்டால் ஒரு கட்டம் மட்டுமே தவறாகும். நாம் வீண் என்று நீக்கிய மறுபதிவுதான் பிழையைத் தாங்கும் வலிமையாகவும் இருந்தது. ஜிப் கட்டில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே சுருக்கப்படுவதால், கேடு பெரும்பாலும் ஒரு கோப்போடு நின்றுவிடும். எல்லாக் கோப்புகளையும் ஒரே தொடராக்கிச் சுருக்கினாலோ, பின்னால் உள்ளவை அனைத்தும் பாழாகக்கூடும்.

சுருக்கிய கோப்புக்கு ஒரு நன்மையும் உண்டு. ஜிப் கட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். கோப்பு கெட்டிருந்தால் பிரிக்கும்போதே அது காட்டிக்கொடுத்துவிடும், ஆனால் சீர்செய்யாது. சாதாரணப் பிரதியில் நேர்ந்த சிறு பிழையோ கண்ணில் படாமலே கிடக்கலாம்.

எனவே கட்டுரைகள், அட்டவணைகள், நிரல்கள் போன்றவற்றைச் சுருக்கி வைக்கலாம். புகைப்படங்களை அப்படியே வைப்பதே மேல். எப்படி வைத்தாலும் இரண்டு பிரதிகள் வேண்டும். அவை வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும். அவ்வப்போது திறந்தும் பார்க்க வேண்டும். சுருக்கியதால் மிச்சமாகும் இடத்தில் இன்னொரு பிரதி வைத்தால், இழந்த வலிமையை அதைவிடச் சிறப்பாகத் திரும்பப் பெறலாம்.

நீங்களே செய்து பாருங்கள்: ஒரு நீண்ட தமிழ்க் கட்டுரையையும் ஒரு புகைப்படத்தையும் தனித்தனியே ஜிப் செய்யுங்கள். முன்பு எத்தனை பைட், பின்பு எத்தனை பைட் என்று குறித்துக்கொள்ளுங்கள். எது அதிகம் சுருங்கியது? ஏன்?