காத்திருத்தல் சோம்பல் அன்று

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய நாள்களைத் திருவருகைக் காலம் என்பர். வந்துவிட்டதாக நம்பும் மெசியாவுக்காக மீண்டும் ஏன் காத்திருக்க வேண்டும் என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு.

'மெசியா' என்னும் எபிரேயச் சொல்லுக்கும் 'கிறிஸ்து' என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் 'அருள்பொழிவு பெற்றவர்' என்பதே பொருள். அவர் பெத்லகேமில் பிறந்தார். நீதியை நிறைவு செய்ய மீண்டும் வருவார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. இவ்விரு வருகைகளுக்கும் இடைப்பட்டதே இன்றைய காத்திருப்பு.

அந்த நாளை எவரும் அறியார் என்கிறது மத்தேயு நற்செய்தி. ஆயினும், அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22-ஆம் தேதியை நம்பிக் காத்திருந்தனர், ஏமாற்றமே எஞ்சியது. ஆண்டவரின் வருகையைப் பேசும் தெசலோனிக்கருக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகமோ, உழைக்காமல் திரிவோரைக் கண்டிக்கவும் செய்கிறது.

நாஜி ஆட்சியை எதிர்த்த ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிஷ் போன்ஹோஃபர், 1943-இல் பெர்லினின் டேகல் சிறையிலிருந்து எழுதிய மடலில் சிறைவாழ்வைத் திருவருகைக் காலத்துக்கு ஒப்பிட்டார்: இரண்டிலும் கதவு வெளியிலிருந்தே திறக்கப்பட வேண்டும். 1945 ஏப்ரலில் அவர் தூக்கிலிடப்பட்டார். கதவைத் திறப்பவர் வேறொருவர் என்று நம்பியவர், அநீதியின் முன் கைகட்டி நிற்கவில்லை. நாள் குறிப்பதன்று, நீதியின் பக்கம் நிற்பதே காத்திருத்தல் என நான் கருதுகிறேன்.