ஆலைக்குள் ஒரு வலை, வேலிக்கு வெளியே ஒரு வலை

பல செம்பனை ஆலைகளில் இன்று பாய்லர் அழுத்தத்தைப் பார்க்க ஊழியர் மீட்டர் அருகே போக வேண்டியதில்லை. கட்டுப்பாட்டு அறைத் திரையிலேயே எண்கள் தெரிகின்றன. வால்வைத் திறப்பதும் மூடுவதும் அங்கிருந்தே நடக்கிறது. இதற்குப் பின்னால் இருப்பது வலையமைப்பு.

முதலாவது, ஆலை வேலிக்குள் இயங்கும் குறும்பரப்பு வலையமைப்பு, சுருக்கமாக லேன். அழுத்தம், வெப்பம், நீர்மட்டம் ஆகியவற்றை அளக்கும் கருவிகள் பிஎல்சி எனப்படும் சிறு கணினியுடன் இணைந்திருக்கும். அழுத்தம் அளவை மீறினால் வால்வுக்குக் கட்டளை இடுவது பிஎல்சிதான். அதைக் கட்டுப்பாட்டு அறையோடு இணைப்பது லேன். மின்னஞ்சல் அரை நிமிடம் தாமதமானால் நட்டமில்லை. வால்வுக்கான கட்டளை தாமதமானால் ஆபத்து.

இரண்டாவது, விரிபரப்பு வலையமைப்பு. ஆலையைத் தொலைவிலுள்ள தலைமை அலுவலகத்தோடும், நீர் வாரியத்தைப் பல மைல் தள்ளியுள்ள பம்பு நிலையங்களோடும் இது இணைக்கிறது. கம்பி, கைப்பேசி அலை, வானொலி அலை, செயற்கைக்கோள் என வழிகள் பல.

வசதி கூடும்போது வாசலும் கூடுகிறது. 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மருச்சி வட்டாரத்தில் இது நடந்தது. கழிவுநீர்க் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்திய நிறுவனத்தில் முன்பு வேலை செய்த ஒருவர், மடிக்கணினியையும் வானொலிக் கருவியையும் கொண்டு பம்பு நிலையங்களுக்குத் தவறான கட்டளைகளை அனுப்பினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஆற்றிலும் கலந்தது. அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

ஆகவேதான் அலுவலகக் கணினிகளும் இயந்திரக் கணினிகளும் ஒரே வலையில் இருக்கக்கூடாது, நடுவே தடுப்புச் சுவர் வேண்டும் என்கிறார்கள். வெளி இணைப்பு அறுந்தாலும் பிஎல்சி தன் வேலையைத் தொடரும்படி அமைப்பதும் அவசியம்.

மலேசியாவில் 2024 ஆகஸ்ட் 26-ஆம் தேதி நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் 11 துறைகளை முக்கியமானவையாகக் குறிக்கிறது. நீர், எரிசக்தியோடு வேளாண்மை, தோட்டத் துறையும் அதில் அடங்கும்.

ஆலையில் வேலை செய்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கட்டுப்பாட்டு அறைக் கணினியில் சொந்த பென்டிரைவைச் செருகாதீர்கள். கைப்பேசி இணையத்தை அதோடு இணைக்காதீர்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால், அவரது கடவுச்சொல்லை அன்றே நீக்கும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். பாய்லருக்குப் பக்கத்தில் நிற்பது நீங்கள்தான்.