நிலம் குலுங்கியபோது கேட்காத சாதி

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. காத்மாண்டில் பகல் 11.56 மணி. மாங்காட்டில் அப்போது 11.41. அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாராம்.

நேபாளத்துத் தலித் நண்பர்களைச் சந்திக்கப் போயிருந்தேன். மூன்றாவது மாடியில் பேசிக்கொண்டிருந்தோம். கீழே கனமான லாரி போவதுபோல ஓர் உறுமல். அடுத்த நொடி தரை படகுபோல ஆடியது. கதவை நோக்கி ஓடினேன். நான் போய் இடித்தேனா, சுவர் வந்து என்னை இடித்ததா, இன்றும் சொல்லத் தெரியவில்லை. படிக்கட்டில் நண்பர் என் கையைப் பிடித்து இழுத்தது மட்டும் நினைவிருக்கிறது. தெருவுக்கு வந்தபோது ஊர் முழுக்கச் செங்கல் தூசு.

நிலநடுக்கத்தின் அளவு 7.8. ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். நகரின் அடையாளமான தரஹரா கோபுரம் அடிப்பகுதி மட்டும் மிஞ்ச விழுந்தது. சனிக்கிழமை நேபாளத்தில் பள்ளி விடுமுறை. இல்லாவிட்டால், இடிந்த ஆயிரக்கணக்கான வகுப்பறைகளில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

அன்றிரவு துண்டிகேல் மைதானத்தில் படுத்தோம். மண் அடங்கவில்லை, சிறு அதிர்வு வரும்போதெல்லாம் மைதானமே ‘ஓ’ என்று அலறும். நள்ளிரவுக்கு மேல்தான் போன் கிடைத்தது. “எம்மா, உசுரோட இருக்கியா?” என்றார் அம்மா. அதற்கு மேல் அவராலும் பேச முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

நேபாளத்தில் பெயரின் பின்பாதியே சாதியைச் சொல்லிவிடும். என் நண்பர் ‘பரியார்’. முதன்முதலில் கேட்டபோது நம் பெயர்போல ஒலிக்கிறதே என்று நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய தமாய் சாதியினர் துணி தைப்பார்கள், கல்யாணத்துக்கு மேளம் வாசிப்பார்கள். அதே கல்யாணத்தில் பந்திக்கு வெளியே உட்காருவார்கள். அந்த மைதானத்தில் எங்கள் பிளாஸ்டிக் விரிப்பில் ஒரு பார்ப்பனக் குடும்பமும் ஒண்டிக்கொண்டது. ஒரே பாட்டில் தண்ணீரைக் குடித்தோம். யாரும் யாருடைய பின்பாதியையும் கேட்கவில்லை. “இது மூணு நாளைக்குத்தான்” என்று நண்பர் இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

இதே இமயமலை அடிவாரம் 1934 ஜனவரி 15 அன்றும் குலுங்கியது. பீகாரிலும் நேபாளத்திலும் பேரழிவு. அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழ்நாட்டில் இருந்த காந்தி, திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்று பேசினார். இயற்கை நிகழ்வுக்கு இப்படிக் காரணம் சொல்வது பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்று தாகூர் மறுத்தார். எனக்கு வேறொரு கேள்வி உண்டு. தண்டனை என்றால், தீண்டப்படாதவர் குடிசை ஏன் இடிய வேண்டும்?

இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து இமயத்தின் அடியில் முட்டுகிறது. சேர்ந்த அழுத்தம் ஒருநாள் விடுபடுகிறது. அதற்குச் சாதி தெரியாது. ஆனால் யார் வீடு சரிவின் ஓரத்தில் இருக்கிறது, யார் வீட்டுச் சுவர் வெறும் கல்லும் மண்ணும் என்பதைத் தீர்மானித்தது நிலமல்ல, ஊர்.

வாக்காளர் அட்டையைக் காட்டி விமானப்படை விமானத்தில் இடம்பிடித்தேன். டில்லி வழியாக மாங்காடு வந்து சேர்ந்தேன். நண்பர் தன் ஊருக்குப் போனார். வீடு தரைமட்டம்.

பிறகு நேபாள அரசு வீடு கட்ட முதலில் 2 லட்சம், பின்னர் 3 லட்சம் நேபாள ரூபாய் அறிவித்தது. தவணைப் பணம் வாங்க ‘லால்புர்ஜா’ வேண்டும். நம் மொழியில் பட்டா. தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தின் ஓரத்தில் வாழ்ந்த தலித்துகள் பலரிடம் அது இல்லை. நிலமற்றவர்கள் நிலம் வாங்கத் தனியாக 2 லட்சம் என்ற ஏற்பாடு தாமதமாகத்தான் வந்தது. “வீடு இருந்துச்சுன்னு ஊருக்கே தெரியும், காகிதத்துக்குத் தெரியல” என்றார் நண்பர் போனில்.

இது நமக்குப் புதிதல்ல. மாங்காட்டையும் உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கைதான் பஞ்சமி நிலத்துக்கு வித்திட்டது. அந்த நிலத்தை மற்றவர்கள் வாங்கக் கூடாது என்று நிபந்தனையும் இருந்தது. எவ்வளவு கைமாறியது என்று எல்லோருக்கும் தெரியும். அதை மீட்கக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணை நில மீட்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். கல்லூரி மாணவர்கள் தங்கள் ஊர் ‘அ’ பதிவேட்டை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். சர்வே எண் தெரிந்தால் இணையத்திலேயே கிடைக்கும்.

எங்கள் வீடு ஏரிப் புறம்போக்கு. தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம். ரேஷன் கார்டு உண்டு, வீட்டு வரி ரசீது உண்டு, பட்டா கிடையாது. நண்பர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “அங்கயும் அதையேதான் கேக்கறாங்களா?” என்றார்.

அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் வந்தது. எங்கள் தெருவில் கணக்கெடுக்க வந்தவர், சுவரில் இருந்த தண்ணீர்க் கறையைப் பார்ப்பதற்கு முன்பே அதைத்தான் கேட்டார்.